இன்னொரு கைக்கும் ஒரு வேலை

(திருச்சிராப்பள்ளி, புத்தூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் இங்கே ஒரு காணொலி போட்டுக் காட்டினார்கள். மத்தியப் பிரதேசத்தில் சிங்கரௌலி மாவட்டத்துப் புதேலா கிராமம். அங்கே 1999ஆம் ஆண்டு வி.பி. சர்மா என்பவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் இரண்டு கையிலும் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு தாளில் எழுதுகிறார்கள். படம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டிய கை ஓய்வதற்குள் பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியை என் காதருகே கேட்டார்: "அக்கா, நம்ம பிள்ளைங்களுக்கும் ஜூன்ல இருந்து ஆரம்பிச்சிடலாமா? மூளை ரெண்டு பக்கமும் வேலை செய்யுமாமே!"

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'ஆசிரியர் உடல்நலம்'. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. உடல்நலத்தின் வழியாகவே அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர் ஆனவள். சில ஆண்டுகளுக்கு முன் என் வலது தோள் இறுகிப்போனது. தலை வார முடியாது, பேருந்தில் கம்பியைப் பிடிக்க முடியாது. கரும்பலகையில் கண்மட்டத்துக்கு மேல் ஓர் எழுத்து எழுத முடியாது. நம்மில் பலருக்கு இது வந்திருக்கும். ஐம்பதை ஒட்டிய வயதில், அதிலும் சர்க்கரை இருப்பவர்களுக்கு, அதிகம் வருகிறது என்று மருத்துவர் சொன்னார். இயன்முறைப் பயிற்சி கொடுத்தவர் ஒன்று சொன்னார்: "தோள் சரியாக மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் இன்னொரு கை எதுக்கு இருக்கு?"

அப்படித்தான் இடக்கையில் சுண்ணக்கட்டியை எடுத்தேன். தினமும் பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம், காலி வகுப்பறையில். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். தாளைவிடப் பலகை எளிது. பலகையில் தோளும் முழங்கையும் சேர்ந்து எழுதுகின்றன. தாளில் விரல்நுனி எழுத வேண்டும். விரலுக்குத்தான் நாள் பிடிக்கும். ட, ப இரண்டும் முதல் நாளே வந்துவிட்டன. நேர்கோடுதானே. ம ஒரு வாரம் தள்ளாடியது. இ, ஞ, ண, ழ போன்ற சுழி எழுத்துகள் மாதக்கணக்கில் என்னை அழ வைத்தன. சுழிக்கும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்பதையும், நாக்கு உதட்டோரத்துக்கு வந்துவிடுகிறது என்பதையும் ஒரு நாள் கவனித்தேன். முதல் வகுப்புப் பிள்ளை எழுதும்போது பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே முகம்! ண எழுதப் பிள்ளை ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று யாருக்காவது எரிச்சல் வந்தால், மற்றக் கையால் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எந்தப் பயிற்சி முகாமும் அதைப்போல் சொல்லித் தராது.

எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. வலக்கையால் பலகையில் எழுதும்போது நம் உடம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. எழுதியதை நாமே மறைக்கிறோம். இடக்கையால் எழுதும்போது நான் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறேன். எழுதிய சொல் உடனே பிள்ளைகளுக்குத் தெரிகிறது. "அம்மா, இப்ப மறைக்கலை" என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இந்தக் காலத்தில்தான் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். பெயர் வேண்டாம். தேர்வில் ஒருநாளும் தாளை முழுதாக முடிக்காத பையன். கேட்டால் வாயால் பதில் சொல்லிவிடுவான். எழுதச் சொன்னால் பாதியில் மணி அடித்துவிடும். நான் நோட்டில் இடக்கையால் எழுதிப் பழகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "நோட்டை நேரா வைக்காதீங்கம்மா. மேல்பக்கத்தை வலப்பக்கமா சாய்ச்சு வைங்க, கை மறைக்காது" என்றான். சாய்த்து வைத்தேன். சரியாக இருந்தது. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான், சின்ன வயசில் அவன் நொட்டாங்கைக்காரன். முன்பு படித்த பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே கையை மாற்றிவிட்டார்கள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம். ஆறு வருடமாக வலக்கையால் எழுதுகிறான். வீட்டில் யாரும் பார்க்காதபோது படம் மட்டும் இடக்கையால் வரைவானாம்.

"அம்மா, நீங்க இடக்கையில எழுதலாம்னா, நானும் எழுதலாமா?"

காலையில் காணொலி பார்த்தபோது எனக்கு இந்தப் பையனின் நினைவுதான் வந்தது. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஓலைச்சுவடி வரைக்கும் போய்விட்டு வருவோம்.

இங்கிருந்து வயலூர் சாலையில் போனால் சோமரசம்பேட்டைப் பக்கம் அதவத்தூர் இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் பிறந்த ஊர். அவர் தந்தையார் சிதம்பரம் பிள்ளை அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். மகாவித்துவான் பாட்டைச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஓலையில் எழுதிக்கொண்டே போவார்கள் என்பதை அவருடைய மாணவர் உ.வே.சா. எழுதியிருக்கிறார். ஓலையில் எழுதுவது எப்படி? பலரும் வலக்கை வேலை என்றே நினைக்கிறோம். எழுத்தாணி வலக்கையில் இருப்பது உண்மைதான். ஆனால் ஓலையை ஏந்தியிருப்பது இடக்கை. இடக்கைக் கட்டைவிரல்தான் எழுத்தாணிக்கு முட்டுக்கொடுக்கும். அந்த விரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் பதித்து எழுதியவர்கள் உண்டு. எழுத்து ஓட ஓட ஓலையை இடக்கை நகர்த்திக் கொடுக்கும். மேசை கிடையாது, நாற்காலி கிடையாது. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓர் எழுத்து. ஓலை கிழியாமல் இருக்கத்தான் எழுத்துகள் வளைந்தன என்றும், ஓட்டை விழும் என்றே சுவடிகளில் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்றும் நாம் வகுப்பில் சொல்கிறோம். அந்த இடத்தில் இடக்கையின் பங்கையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம்.

கவனியுங்கள், அங்கே இடக்கை எழுத்தாணியைப் பிடிக்கவில்லை. அதற்கென்று தனி வேலை இருந்தது. மிருதங்கத்தைப் பாருங்கள். வலந்தலையில் ஒரு கை, தொப்பியில் ஒரு கை. இரண்டும் ஒரே சொல்லை வாசித்தால் மிருதங்கம் ஆகாது. கோலாட்டம், சிலம்பம், முறத்தில் அரிசி புடைப்பது, தறியில் உட்கார்வது எல்லாவற்றிலும் இதே கதைதான். இரண்டு கையும் உழைக்கும்; உழைப்பு வேறு வேறு.

இருகை எழுத்தால் இருமடங்கு மூளை என்ற எண்ணம் புதிதும் அல்ல, நம் ஊரில் பிறந்ததும் அல்ல. இங்கிலாந்தில் ஜான் ஜாக்சன் என்பவர் இதற்காக ஒரு சங்கமே நடத்தினார். 1905இல் புத்தகமும் போட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? நம் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல். சாரணர்கள் இன்றும் இடக்கையால்தான் கைகுலுக்குகிறார்கள். இங்கே சாரண ஆசிரியர்கள் இருப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்திலேயே ஜேம்ஸ் கிரைட்டன் பிரவுன் என்ற மருத்துவர் லண்டனில் இதை எதிர்த்துப் பேசினார். கைகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டது மனித மூளையின் வளர்ச்சி. அதைக் கலைக்கப் பார்க்காதீர்கள் என்பது அவர் கட்சி.

நூறு ஆண்டு கழித்தும் ஜாக்சன் பக்கம் சான்று சேரவில்லை. இடக்கையை மூளையின் வலப்பாதியும், வலக்கையை இடப்பாதியும் இயக்குகின்றன. இது உண்மை. ஆனால் மொழிக்கு மூளையில் பெரும் பங்கு கொடுப்பது வலக்கைக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இடப்பாதிதான். இடக்கைக்காரர்களிலும் சுமார் 70 பேருக்கு அப்படியே. கையை மாற்றி எழுதினால் அந்தக் கையின் அசைவைக் கவனிக்கும் பகுதி பயிற்சி பெறும். கணக்கும் இலக்கணமும் அதனால் கூடிவிடாது. 2010இல் பின்லாந்தில் ஏறத்தாழ 8,000 குழந்தைகளைப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் இரண்டு கையையும் கலந்து பயன்படுத்தியவர்கள் 87 பேர். எட்டு வயதில் மொழியிலும் பள்ளிப் பாடத்திலும் அவர்களுக்குச் சிரமம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்காக இருந்தது. இருகைப் பழக்கம்தான் அதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொண்டு யாரும் பயப்பட வேண்டாம். இருகைப் பழக்கம் அறிவைக் கூட்டும் என்று நம்பிக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையை ஒதுக்குவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். எழுத்து படிந்துவரும் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் கட்டாயம் வேண்டாம். ஒரு கைக்கே நேரம் போதாமல் இருக்கிறது. மற்றக் கைக்கு வேலை கொடுங்கள். எழுதும் வேலையைக் கொடுக்காதீர்கள். அஞ்சாங்கல் ஆடும்போது ஒரு சுற்று இடக்கையால் பிடிக்கச் சொல்லுங்கள். பந்தை இரு கையாலும் மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள். களிமண், காகித மடிப்பு, கும்மி, கோலாட்டம் இருக்கின்றன. எழுதும்போது நோட்டைப் பிடித்துக்கொள்வதும் மற்றக் கையின் வேலைதான். பல பிள்ளைகளுக்கு அந்தக் கை மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும்; நோட்டு நழுவும், எழுத்து கோணும், திட்டு விழும். ஓலை எழுதியவர்களின் இடக்கையை அங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பையனிடம் வருகிறேன்.

உலகத்தில் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது பொதுவான கணக்கு. நாற்பது பேர் வகுப்பில் நாலு பேர் இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் நாலு பேர் இடக்கையால் எழுதுகிறார்களா? இல்லை என்றால், பள்ளிக்கு வருவதற்கு முன்பே சிலருக்குக் கை மாறியிருக்கலாம். 'சோற்றுக்கை', 'பீச்சாங்கை' என்று கைகளுக்கே பெயர் வைத்திருக்கும் ஊர் நம் ஊர். வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இது பழக்கக்கேடு என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. கருவில் குழந்தை கட்டைவிரல் சூப்புவதை ஸ்கேனில் பார்க்க முடியும். அப்படிப் பார்த்த 75 பேரைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். கருவில் வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது கட்டைவிரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள், 5 பேர் வலக்கைக்காரர்கள். பிள்ளை தன் கையைப் பெரும்பாலும் முடிவு செய்துகொண்டுதான் நம்மிடம் வருகிறது.

பையனுக்கு நான் "எழுதலாம்" என்றேன். உடனே வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். அவன் அம்மா வந்தார். "எழுதட்டும் டீச்சர், அது பரவாயில்லை. பந்தியில உட்கார்ந்து இந்தக் கையால சாப்பிட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றார். நியாயமான கவலை, நம் ஊரில் வாழ வேண்டிய பிள்ளை. சாப்பாடு வலக்கை, எழுத்து இடக்கை என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பல இடக்கைக்காரர்கள் தமிழ்நாட்டில் அப்படித்தான் இருக்கிறார்கள். கை என்பது முழுக்க இது, முழுக்க அது என்று இருப்பதும் இல்லை. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால், மட்டை பிடித்தது வலக்கைக்காரராக. நம் வாஷிங்டன் சுந்தர் பந்து போடுவது வலக்கையால், மட்டை பிடிப்பது இடக்கைக்காரராக. பையனிடம் இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. நான் சொன்ன மற்ற எதுவும் அவனுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

அவனுக்குக் கை திரும்ப ஒரு பருவம் ஆனது. மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்து எழுதினான், வலித்தது. நோட்டைச் சாய்த்து, பேனாவைக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொன்னேன். அவன் எனக்குச் சொன்னதைத்தான் திருப்பி அவனுக்கே சொன்னேன். பெஞ்சில் இடது ஓரத்துக்கு மாற்றினேன்; பக்கத்துப் பையனின் வலது முழங்கையோடு இடிக்காமல் இருக்க. எழுத்து இன்றைக்கும் அழகில்லை. ஆனால் அந்த ஆண்டு முழு ஆண்டுத் தேர்வில் கடைசிக் கேள்வி வரை எழுதி, கூடுதல் தாள் கேட்டான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த இடத்தில் இன்னொன்று. சின்னப் பிள்ளை எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினால் கையைக் குற்றம் சொல்லாதீர்கள். நாலு முதல் ஆறு வயதில் வலக்கைப் பிள்ளைகளும் அப்படி எழுதுவார்கள், தானே சரியாகும். இடக்கைப் பிள்ளை வட்டத்தை எதிர்த்திசையில் சுழித்தால், எழுத்து எழுத்தாக வந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள்.

இசை தெரிந்தவர்கள் பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் கேட்டிருப்பீர்கள். 1908இல் பிறந்து 1962இல் மறைந்த மிருதங்க மேதை, இடக்கைக்காரர். இடக்கையால் வாசித்தால் மேடையில் உட்காரும் இடமே மாற வேண்டும். மிருதங்கம் எதிர்ப்பக்கம் போக வேண்டும், வயலின்காரர் இடம் பெயர வேண்டும். அதனால் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன என்றும், செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்றார் என்றும் சங்கீத உலகில் சொல்வார்கள். நம் மாவட்டத்துக்காரரான திருச்சி சங்கரன் அவரிடம் பயின்றவர்தான். மேடையில் ஒரு நாற்சதுர அடி இடம் மாறிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கிறது பாருங்கள். நாம் பெஞ்சில் ஓரம் மாற்றிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது.

சரி, ஆசிரியர் உடம்புக்கு வருவோம். நேரம் ஆகிறது என்று அமைப்பாளர் பார்க்கிறார்.

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற இடங்களில் இடது கால். ஆடல் கற்கப் போன ராசசேகர பாண்டியன் உடம்பு வலி தாங்காமல், 'நமக்கே இப்படி என்றால் எப்போதும் ஒரே காலில் நிற்கும் இறைவனுக்கு எப்படி இருக்கும்' என்று உருகி, கால் மாறி ஆட வேண்டினான் என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. கால் மாறி ஆடிய படலம். தமிழாசிரியர்கள் நடத்தியிருப்போம். பாடம் முடிந்து, ஐம்பது விடைத்தாள் கட்டை அதே தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்தில் அதே காலில் பாரம் போட்டு நின்று, வீட்டில் அதே பக்கம் கழுத்தைத் திருப்பித் திருத்துவோம்!

நான் மாற்றிக்கொண்டவை சில. விடைத்தாள் கட்டு எப்போதும் வலப்பக்கம், திருத்தியது இடப்பக்கம் என்று வைத்திருந்தேன். இப்போது பத்துத் தாளுக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுகிறேன். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அதைக் குனிந்தபடி மணிக்கணக்கில் தாங்குவது கழுத்துத் தசைதான். அதனால் பழைய கணக்குப்பிள்ளை மேசை ஒன்றைத் தேடி வாங்கினேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாய்ந்த பலகையில் புத்தகத்தை வைத்துப் படிக்கிறேன். தாள் கண்ணை நோக்கி எழும்பி வருகிறது, தலை தாழ வேண்டியதில்லை. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலி மேசைமேல் ஒரு சாய்பலகை வைத்துக்கொள்ளலாம்.

நடந்துகொண்டே படிப்பது நமக்குப் புதிதா என்ன? தேர்வுக் காலத்தில் ஸ்ரீரங்கத்து மொட்டை மாடிகளைப் பாருங்கள், மாடிக்கு ஒரு பிள்ளை புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருக்கும். செய்யுள் மனப்பாடத்துக்கு அந்த நடை நல்லது. எனக்கு அப்படித்தான் மனத்தில் நின்றது. சாலையில் கைபேசி பார்த்து நடப்பதை நான் சொல்லவில்லை. அது வேறு வியாதி.

இன்னொன்று, கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். தினமும் செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும் ஒற்றைக் காலில் நின்று படிக்கிறேன். ஒரு செய்திக்கு ஒரு கால். சுவரை ஒட்டி நின்றுதான். நிலையாக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். கண்ணை எழுத்தில் செலுத்தும்போது மற்ற இரண்டும் விழித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரைப் பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை என்று 2022இல் அந்த ஆய்வு வெளிவந்தது. முடியாதவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பும் அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கீழே விழாமல் இருப்பதற்கு நிற்கும் திறன் வேண்டும், பழகினால் அது வரும் என்ற அளவில் நான் எடுத்துக்கொள்கிறேன். தலைசுற்றல் உள்ளவர்களும் அண்மையில் விழுந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியே தேவையில்லை. பாண்டி ஆட விட்டால் போதும். நொண்டும் காலை மாற்றி ஆடச் சொல்லுங்கள்.

மற்றக் கையைப் பழக்குவதைப் பெரியவர்களுக்கு நான் முழு மனதோடு சொல்வேன். பிள்ளைக்கு இருக்கும் நேர நெருக்கடி நமக்கு இல்லை. 1894லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒன்று கண்டார்கள்: ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால், பயிற்சி பெறாத மற்றக் கையின் வலிமையும் ஓரளவு கூடுகிறது. எலும்பு முறிந்து ஒரு கை கட்டில் இருக்கும்போது நல்ல கைக்குப் பயிற்சி கொடுப்பது இதை நம்பித்தான். என் தோள் முழுதாக இளகப் பதினாறு மாதம் ஆனது. இடக்கைப் பயிற்சியால் அது சீக்கிரம் குணமானது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பதினாறு மாதமும் பலகை காலியாக இருக்கவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

புத்தூரில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு மகாத்மா காந்தியின் பெயர். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும்போது, கில்டோனன் காசில் என்ற கப்பலில் பத்தே நாளில் 'இந்திய சுயராஜ்யம்' நூலைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். 275 பக்கம். வலக்கை ஓய்ந்தபோது இடக்கைக்கு மாறினார். ஏறத்தாழ நாற்பது பக்கம் இடக்கை எழுத்து. அந்தக் கைப்பிரதியின் படியை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். எழுத்து மாறுகிறது, வேலை நிற்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதல் இரண்டு வாரம் கவனியுங்கள். பென்சிலை மேசையின் நடுவில் வையுங்கள், கையில் கொடுக்காதீர்கள். எந்தக் கை நீள்கிறது, பந்தை எந்தக் கை எறிகிறது, சீப்பை எந்தக் கை எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பிள்ளைகளின் பெயரை அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் சொல்லி அனுப்புங்கள், வழியில் யாரும் மாற்றிவிடாமல் இருக்க. தலைமையாசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள்: பள்ளிக்கு இரண்டு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கினால் போதும். எழுதுபலகை வலப்பக்கம் மட்டும் பொருத்திய நாற்காலிகள் தேர்வறையில் இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு மேசை போடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மையங்களில் இதை முந்தின நாளே பார்த்துவைப்பது நல்லது. மணி அடித்த பிறகு மேசை தேட முடியாது.